அணுகல் விதிகளை எழுதும் மேசையில் யார் அமர வேண்டும்?

2024 நவம்பர் 8 அன்று, ராஜீவ் ரத்தூரி எதிர் இந்திய ஒன்றியம் என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைச் சட்டம் பயில்வோர் வாசித்திருப்பார்கள். மொழித்துறைகளிலும் சமூக அறிவியல் துறைகளிலும் இருப்போர் அதை வாசிக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. அந்தத் தீர்ப்பின் நடுவே இருப்பது, ஒரு வாக்கியம் ஆணையா அறிவுரையா என்னும் கேள்வி.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் நிறைவேறியது. கட்டடங்கள், போக்குவரத்து, தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கான அணுகல் தரநிலைகளை ஒன்றிய அரசு விதிகளாக வகுத்தாக வேண்டும் என்கிறது அதன் 40ஆம் பிரிவு. அந்த விதிகளுக்கு உட்படாத கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரக்கூடாது, பணி நிறைவுச் சான்றும் தரக்கூடாது என்கிறது 44ஆம் பிரிவு. 2017இல் வெளிவந்த விதிகளில் 15ஆம் விதி, ஒவ்வொரு நிறுவனமும் இன்னின்ன ஆவணங்களில் உள்ள தரநிலைகளுக்கு இணங்க வேண்டும் என்று பட்டியலிட்டது. பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் வழிகாட்டுதல்கள். கட்டடங்களைப் பொறுத்தவரை, நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2016இல் வெளியிட்ட ஒருங்கிணைந்த வழிகாட்டுதல் அங்கே சுட்டப்பட்டது. பின்னர் அதன் இடத்தில் 2021ஆம் ஆண்டுப் பதிப்பு வந்தது. ஆக, ‘இணங்க வேண்டும்’ என்ற கட்டாய வினைக்குச் செயப்படுபொருளாக நின்றவை பரிந்துரைகள். பரிந்துரைக்கு எப்படி இணங்குவது? அதை மீறுவதுதான் எப்படி? இந்த விதி கட்டாயமான அடிப்படைகளை வகுக்கவில்லை என்று கண்ட நீதிமன்றம், 15(1)ஆம் விதி தாய்ச் சட்டத்தின் வரம்பை மீறியது என அறிவித்தது.

தமிழில் இச்சிக்கல் இன்னும் நுட்பமானது. ‘தினமும் நடக்க வேண்டும்’ என்று மருத்துவர் சொல்கிறார். ‘வரி செலுத்த வேண்டும்’ என்று அரசு சொல்கிறது. வடிவில் இரண்டும் ஒன்றே. சொல்பவருக்கு உள்ள அதிகாரமும், செய்யாவிட்டால் நேரும் விளைவுமே இரண்டையும் பிரித்துக் காட்டுகின்றன. அணுகல் வழிகாட்டுதல்கள் இதுநாள்வரை மருத்துவரின் ‘வேண்டும்’ ஆகவே இருந்துவந்தன. அவற்றை அரசின் ‘வேண்டும்’ ஆக்கச் சொல்லியிருக்கிறது நீதிமன்றம்.

இத்தோடு நின்றிருந்தால் இது சட்ட வரைவாளர்களின் வேலையாக முடிந்திருக்கும். விட்டுக்கொடுக்க முடியாத அடிப்படை விதிகளை ஒருபுறமும், படிப்படியாக எட்ட வேண்டிய விரிவான வழிகாட்டுதல்களை மறுபுறமும் பிரிக்குமாறு நீதிமன்றம் பணித்தது. இதற்கு மூன்று மாதக் காலம் கொடுத்தது. தொடர்புடைய எல்லாத் தரப்பினரையும் கலந்தாலோசிக்கவும், ஐதராபாத்தில் உள்ள நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வு மையத்தை இப்பணியில் ஈடுபடுத்தவும் சொன்னது. அந்த மையம் நீதிமன்றத்துக்கு அளித்த அறிக்கையே இத்தீர்ப்புக்கு அடித்தளம்.

பிரித்தல் என்ற அந்தப் பணியைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன். எது ‘கட்டாயம்’ என்ற பக்கத்தில் விழும், எது ‘விரும்பத்தக்கது’ என்ற பக்கத்தில் விழும் என்பதை முடிவு செய்பவர், உண்மையில் எந்த உடல் கட்டடத்துக்குள் நுழையலாம், எந்த உடல் காத்திருக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறார். சாய்தளம் கட்டாயமாகி, நிற வேறுபாடு விருப்பமானால், சக்கர நாற்காலியில் வருபவர் முந்துவார், குறைபார்வை உடையவர் பிந்துவார். ஒலி அறிவிப்பு கட்டாயமாகி, காட்சி அறிவிப்பு விருப்பமானால், காதுகேளாதவர் நெருப்பு எச்சரிக்கையை அறியாமல் உள்ளேயே இருப்பார். எனவே இந்தப் பிரிவினை நடக்கும் மேசையில், வரைவு எழுதப்படுவதற்கு முன்பே, பலவகைப் பயனர்களும் முடிவெடுக்கும் உரிமையோடு அமர்ந்திருக்க வேண்டும். வரைவு முடிந்தபின் நடத்தும் கருத்துக்கேட்பு இதற்கு ஈடாகாது என்பது என் வாதம்.

முதலில், எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். சாய்தளத்தின் சரிவு 1:12க்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பதைக் கட்டடக்கலை மாணவர் எவரும் சொல்வார். 15 செ.மீ. உயரப் படிக்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம்; 45 செ.மீ. உயரத் திண்ணைக்கு 5.4 மீட்டர். இயற்கை விதிபோல் இன்று ஒலிக்கும் இந்த எண், அமெரிக்காவின் முதல் அணுகல் தரநிலையான 1961ஆம் ஆண்டின் ஏ117.1 ஆவணத்தில் இடம்பெற்றது. அதை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய டிமோதி நியூஜென்ட், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான திட்டத்தை நடத்தியவர். அங்கிருந்த சக்கர நாற்காலி மாணவர்களோடு செய்த சோதனைகள் அந்த ஆவணத்தின் பின்னணியில் இருந்தன. பயனரை வைத்துச் சோதித்துத் தரநிலை எழுதியது பாராட்டத்தக்க தொடக்கம். ஆயினும் அங்கே சோதிக்கப்பட்ட உடல்கள் பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர்களின் உடல்கள். முழங்கையால் சக்கரத்தைத் தள்ள இயலாத முதியவரும், தரையில் கைகளை ஊன்றி நகர்ந்து செல்பவரும் அவர்களுள் இல்லை.

கடைசியாகச் சொன்னவரை நம் ஊர்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவருக்குச் சாய்தளத்தைவிட உலர்ந்த, சுத்தமான தரை முக்கியம். கழிப்பறைத் தாழ்ப்பாளும் குழாயும் தாழ்வாக இருப்பது முக்கியம். தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்களை 2016ஆம் ஆண்டுச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. விரல்களில் உணர்வும் பிடிமானமும் குறைந்த அவர்களுக்குத் திருகும் குழாயைவிட நெம்பித் திறக்கும் குழாயே பயன்படும். குள்ளத்தன்மை உடையோருக்கு மின்தூக்கிப் பொத்தானின் உயரமே முதல் தடை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. பட்டியல் மும்மடங்கு ஆகிவிட்டது. நம் கற்பனையிலோ ‘மாற்றுத்திறனாளி’ என்றால் இன்னமும் நீலப் பலகையில் உள்ள சக்கர நாற்காலிதான்.

இரண்டாவது காரணம் இதைவிடக் கடினமானது. பயனர்களின் தேவைகள் பலவகை என்பதோடு, சில இடங்களில் ஒன்றோடொன்று மோதவும் செய்கின்றன.

நடைபாதையின் விளிம்பை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலிக்கு அந்த விளிம்பு சாலையோடு சமமாக இறங்க வேண்டும். வெள்ளைக் கோலோடு நடப்பவருக்கோ அந்த விளிம்பின் உயரமே ‘இங்கே நடைபாதை முடிகிறது, சாலை தொடங்குகிறது’ என்னும் செய்தி. ஒருவரின் தடை மற்றவரின் அறிகுறி. ஜப்பானில் செய்இச்சி மியாகே 1965இல் உருவாக்கிய புடைப்பு ஓடுகள் (1967இல் ஓகயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டவை) இந்த மோதலுக்கு ஒரு வழி காட்டின. விளிம்பைச் சமமாக இறக்கிவிட்டு, அங்கே காலுக்கும் கோலுக்கும் தட்டுப்படும் புள்ளிகளைப் பதித்தால் இருவரும் கடக்கலாம். அந்தப் புடைப்புகளும்கூட சக்கர நாற்காலியை அதிரச் செய்பவை. மூட்டுவலி உள்ளோரையும் காலிப்பர் அணிந்தோரையும் தடுமாறச் செய்பவை. அப்படியானால் புள்ளி எவ்வளவு உயரம், எவ்வளவு அகலத்துக்கு, எந்த இடங்களில் மட்டும்? இந்தக் கேள்விக்கு விடை, இத்தனை பேரும் ஒரே தளத்தில் நடந்து பார்த்துப் பேசினால் மட்டுமே கிடைக்கும்.

பேசாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு பாடம். நடைபாதைக்கும் சாலைக்கும் இடையிலான விளிம்பை அகற்றி எல்லோருக்கும் பொதுவான சமதளத் தெருக்களை அமைக்கும் போக்கு அங்கே பல நகரங்களில் பரவியது. பார்வையற்றோர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. விளிம்பு குறைந்தது எவ்வளவு உயரம் இருந்தால் கால் அதை உணரும் என்பதைப் பார்வையற்றோரை வைத்தே லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சோதித்தார்கள், 60 மி.மீ. என்ற விடை கிடைத்தது. இறுதியில் 2018இல், சமதளத் தெருத் திட்டங்களை நிறுத்திவைக்குமாறு அரசே உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது. அதற்குள் பல தெருக்கள் கட்டி முடிக்கப்பட்டுவிட்டன. வரைவுக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கல் பதித்த பின் கேட்டார்கள்.

கட்டடத்துக்குள்ளும் இத்தகைய மோதல்கள் உண்டு. மின்தூக்கியின் உரத்த அறிவிப்பு பார்வையற்றவருக்குத் துணை. ஒலியைத் தாங்க இயலாத ஆட்டிசம் உள்ளவருக்கு வேதனை. விட்டுவிட்டு ஒளிரும் எச்சரிக்கை விளக்கு காதுகேளாதவரின் உயிரைக் காக்கும். ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவருக்கு அதன் வேகம் ஆபத்தாகலாம். சாய்தளம் மட்டும் வைத்துப் படிகளை எடுத்துவிட்டால், ஊன்றுகோலோடு நடப்பவர்களில் பலர் நீண்ட சரிவில் களைத்துப்போவார்கள். மாற்றுத்திறனாளிக் கழிப்பறையைப் பெண்கள் பகுதிக்குள் வைத்துவிட்டால், மனைவிக்கு உதவ வரும் கணவரோ தாய்க்கு உதவ வரும் மகனோ உள்ளே போக முடியாது. இவற்றுள் எதையும் அளவுநாடா சொல்லாது.

நான் ஆய்வு செய்யும் வளாகத்தில் ஒரு கட்டடம் இருக்கிறது. சாய்தளத்தின் சரிவு சரியாக உள்ளது, கைப்பிடி உள்ளது, கதவின் அகலமும் 900 மி.மீ.க்குக் குறையாது. ஆனால் சாய்தளம் முடியும் இடத்திலேயே கதவு. அது வெளிப்புறமாக இழுத்துத் திறக்கும் கதவு. சக்கர நாற்காலியில் இருப்பவர் சரிவில் பின்னோக்கி உருளாமல் ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கதவைத் தம்மை நோக்கி இழுக்க வேண்டும். ஆய்வுப் படிவத்தில் ஒவ்வொரு வரிக்கும் ‘உள்ளது’ என்று குறிக்கலாம். மொத்தத்தில் கட்டடத்துக்குள் போக முடியாது. சக்கர நாற்காலியில் வரும் மாணவர் ஒருவரை ஒருமுறை அங்கே அழைத்திருந்தால், கதவின் கீல் மறுபக்கம் மாறியிருக்கும்.

மூன்றாவது காரணம் என் துறையைச் சேர்ந்தது. ‘கலந்தாலோசனை’ எந்த மொழியில் நடக்கிறது?

ஒன்றிய அரசின் சட்ட வரைவுகள் குறைந்தது 30 நாள்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்று 2014ஆம் ஆண்டின் முன்-சட்டமியற்றல் கலந்தாய்வுக் கொள்கை சொல்கிறது. நடைமுறையில் பார்வைக்கு வருவது பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதிய, நீண்ட பிடிஎஃப் கோப்பு. பக்கங்களைப் படமாக வருடி ஏற்றியிருந்தால் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. இந்தியச் சைகைமொழியை முதல்மொழியாகக் கொண்டவருக்கு எழுத்து ஆங்கிலம் இரண்டாம் மொழிகூட அல்ல, பலருக்கு மூன்றாம் மொழி. அறிவுசார் குறைபாடு உடையவருக்கு எளிய வாக்கியங்களும் படங்களும் கொண்ட வடிவம் தேவை. கோராபுட்டில் வாழும் ஒரு மாற்றுத்திறனாளிக்கு ஒடியாவோ தம் பழங்குடி மொழியோ தேவை. இத்தனை பேரையும் விலக்கிய பிறகு வந்து சேரும் கருத்துகளை எண்ணி, ‘தொடர்புடைய தரப்பினரைக் கலந்தோம்’ என்று எழுதிவிடலாம்; இலக்கணப் பிழை இராது.

இது தீராத சிக்கல் அன்று. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவை எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்தியச் சைகைமொழிக்கான ஆய்வு, பயிற்சி மையம் 2015 முதல் தில்லியில் இயங்குகிறது. கருவிகள் உள்ளன, அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை. கட்டடத்தின் உள்ளேயும் இதே கேள்விதான். மின்தூக்கி எந்த மொழியில் பேசும்? கைப்பிடியில் பதித்த பிரெய்ல் எந்த மொழியின் பிரெய்ல்? பாரதி பிரெய்ல் கற்ற ஒருவர் ஆங்கிலச் சுருக்கங்களைத் தடவிப் பார்த்து என்ன செய்வார்? மொழியும் கட்டடப் பொருள்களுள் ஒன்று என்று தரநிலைக் குழுக்கள் இன்னும் உணரவில்லை என்றே எண்ணுகிறேன்.

எதிர்வாதங்களையும் பார்க்க வேண்டும்.

‘தரநிலை என்பது பொறியியல், அதை வாக்கெடுப்பில் முடிவு செய்ய முடியாது’ என்பர் சிலர். கான்கிரீட்டின் வலிமையை வாக்கெடுப்பில் முடிவு செய்ய முடியாது என்பது உண்மை. எந்த உடலை அளவாகக் கொள்வது என்பது பொறியியல் கேள்வி அன்று. அது யாரைக் குடிமகனாக எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்த கேள்வி. அந்த முடிவு தெளிவான பிறகே பொறியாளரின் வேலை தொடங்குகிறது. வாஷிங்டனில் உள்ள கலாடெட் பல்கலைக்கழகத்தில் காதுகேளாத மாணவர்களும் ஆசிரியர்களும் கட்டடக்கலைஞர் ஹான்சல் பௌமனோடு சேர்ந்து உருவாக்கிய ‘டெஃப் ஸ்பேஸ்’ கோட்பாடுகளைப் பாருங்கள். சைகையில் பேசிக்கொண்டே இருவர் அருகருகே நடக்க நடைவழி எவ்வளவு அகலம் வேண்டும், எதிரே வருபவர் தெரிய மூலைகள் எப்படி அமைய வேண்டும், கைகள் தெளிவாகத் தெரியச் சுவரின் நிறம் என்ன என்பவை அவர்கள் எழுப்பிய கேள்விகள். கேட்கும் திறன் உள்ள பொறியாளருக்கு இக்கேள்விகள் தோன்றுவதற்கே வாய்ப்பில்லை. தோன்றியபின் விடை காண்பதில் அவரே வல்லவர்.

‘எல்லோரையும் கேட்டால் காலதாமதமாகும், நீதிமன்றம் கொடுத்ததே மூன்று மாதம்’ என்பது இன்னொரு வாதம். இதில் நியாயம் உண்டு. எனினும் கால நெருக்கடியில் முதலில் வெட்டுப்படுவது எப்போதும் குரல் குறைந்தவர்களின் பங்குதான். நரம்பியல் பன்மை உடையோரைக் கருத்தில் கொண்ட கட்டட வழிகாட்டி ஒன்றைப் பிரிட்டிஷ் தரநிலை நிறுவனம் வெளியிட்டது 2022இல். 1961இன் அமெரிக்க ஆவணத்துக்கும் அதற்கும் இடையே 61 ஆண்டுகள். ‘இப்போது அடிப்படை, மற்றவை பிறகு’ என்று சொல்லும்போது அந்தப் ‘பிறகு’ எவ்வளவு நீளும் என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது. அவசரம் என்றால், விதிகளை வெளியிட்டுவிட்டு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தியாக வேண்டும் என்ற கட்டாயத்தையும் அந்த விதிகளிலேயே எழுதலாம்.

மூன்றாவது வாதமே எனக்கு வலுவானதாகப் படுகிறது: ‘பயனர் பிரதிநிதிகள் என்று வருபவர்கள் பெருநகரத்து, ஆங்கிலம் அறிந்த, பெரும்பாலும் ஆண்களான சிலரே, அவர்களை அமர்த்துவதால் பன்மை வந்துவிடாது.’ உண்மை. ஆனால் இது பங்கேற்பை விரிவாக்குவதற்கான காரணமே ஒழிய, கைவிடுவதற்கான காரணம் அன்று. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. முடிவெடுக்கும் செயல்முறைகளில் மாற்றுத்திறனாளிகளை, குழந்தைகள் உட்பட, அவர்தம் அமைப்புகள் வழியாக நெருக்கமாகக் கலந்து, தீவிரமாக ஈடுபடுத்த வேண்டும் என்கிறது அதன் 4(3)ஆம் உறுப்பு. நம் சட்டத்தின் 40ஆம் பிரிவோ, தலைமை ஆணையரைக் கலந்தாலோசிப்பதை மட்டுமே பெயர் சொல்லிக் குறிக்கிறது. இந்த இடைவெளியை விதிகள் நிரப்பலாம்.

எனவே நான் முன்வைக்கும் கோரிக்கைகள் ஐந்து.

1. கட்டாயம் எது, விருப்பம் எது என்று பிரிக்கும் குழுவில், 21 வகைகளையும் மனத்தில் கொண்டு பயனர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும். பெண்கள், முதியோர், கிராமப்புறத்தார், உதவியாளர்கள் ஆகியோருக்கும் அதில் இடம் வேண்டும்.

2. வரைவு எட்டாம் அட்டவணை மொழிகளிலும், இந்தியச் சைகைமொழிக் காணொளியாகவும், எளிய வாசிப்பு வடிவிலும், திரைவாசிப்பான் படிக்கும் கோப்பாகவும் ஒரே நாளில் வெளிவர வேண்டும். கருத்துகளையும் அதே வடிவங்களில் பெற வேண்டும்.

3. மோதல் உள்ள ஒவ்வொரு கூறையும் முழு அளவு மாதிரியாகக் கட்டி, பலவகைப் பயனர்கள் ஒன்றாகப் பயன்படுத்திப் பார்த்த பிறகே எண்ணை முடிவு செய்ய வேண்டும்.

4. பங்கேற்போருக்குப் பயணச் செலவும் மதிப்பூதியமும் தர வேண்டும். ஆலோசகப் பொறியாளருக்குக் கட்டணம் தரும் அரசு, தம் உடலின் அனுபவ அறிவைத் தருபவரிடம் அதை இலவசமாகக் கேட்பது முறையன்று.

5. ஏற்கப்படாத ஒவ்வொரு பரிந்துரைக்கும் காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். காரணம் கூறாத கலந்தாலோசனை வெறும் வருகைப் பதிவேடு.

இவை அரசிடம் கேட்பவை. நம்மிடம் நாமே கேட்க வேண்டியவையும் உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு கல்வி நிறுவனங்களின் கட்டடங்களையும் வளாகங்களையும் அணுகத்தக்கவையாக்கச் சொல்கிறது; 32ஆம் பிரிவு உயர்கல்வியில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் உயர்கல்வி நிறுவனங்களுக்கென்றே அணுகல் வழிகாட்டுதல்களை வெளியிட்டுள்ளது. இடஒதுக்கீட்டில் சேரும் மாணவர் வகுப்பறையை அடைய இயலாவிட்டால், அந்த 5 விழுக்காடு சேர்க்கைப் பதிவேட்டில் மட்டுமே இருக்கும்.

கட்டடக்கலை மாணவர்கள் தம் வளாகத்தையே ஒரு பருவத் திட்டமாக எடுத்து, சக மாற்றுத்திறனாளி மாணவர்களை ஆய்வுப் பொருளாகக் கொள்ளாமல் ஆய்வுக்குழுவின் உறுப்பினர்களாகச் சேர்த்து நடந்து பார்க்கலாம். சட்ட மாணவர்கள் தத்தம் மாநிலத்தின் கட்டட விதிகளில் எங்கெல்லாம் கட்டாயம், எங்கெல்லாம் பரிந்துரை என்று வரிவரியாகப் பிரித்துப் பட்டியலிடலாம். மொழித்துறைகள் வரைவுகளைத் தம் மொழிகளுக்குக் கொண்டுவரலாம். ‘வேண்டும்’ எந்த ‘வேண்டும்’ என்பது மொழிபெயர்ப்பில் கரைந்துவிடாமல் காப்பதும் நம் பொறுப்பு. விதிகளின் வரைவு எப்போது பொதுவெளிக்கு வந்தாலும் கருத்துக் கூற ஒரு மாதம் கிடைத்தாலே அதிகம். ஆகவே இந்தப் பணிகளை இந்தப் பருவத்திலேயே தொடங்குவது நல்லது. தமிழ் மொழிபெயர்ப்புக்கும் எளிய வாசிப்பு வடிவத்துக்கும் ஒரு சிறு குழு அமைக்க எண்ணுகிறேன். சேர விரும்புவோர் கீழே எழுதுங்கள். மாற்றுத்திறனாளி நண்பர்களின் பெயர்கள் பட்டியலின் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.